தட்டுக்கு அடியில் 75 ஜி.பி.

செவ்வாய்க்கிழமை இரவு. தங்கையின் கல்யாண வீடியோவை அம்மா எத்தனையாவது முறையாகப் பார்க்கிறார் என்று யாரும் எண்ணவில்லை. ஒன்றரை மணி நேரம் ஓடியது. மாப்பிள்ளை கையில் தாலியை வாங்குகிற இடத்தில் படம் நின்றது. திரையில் வட்டம் சுற்றியது, பிறகு கறுப்பு. “மேளம் கொட்டுகிற நேரத்தில் நிறுத்திவிட்டதே” என்றார் அம்மா. மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தார்கள். மறுபடியும் அதே இடம்.

எங்கள் கும்பகோணம் வீட்டின் உள்ளறைப் பரணில் ஒரு பழைய சிறு கணினி இருக்கிறது. டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடுகிறது. உள்ளே 128 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று, வெளியே யு.எஸ்.பி. கேபிளில் தொங்கும் 2 டி.பி. வன்தட்டு ஒன்று. வன்தட்டுக்குத் தனி அடாப்டர், தனிப் பிளக் பாயிண்ட். இந்தத் தனிப் பிளக்தான் கதையின் பாதி. படம், பாட்டுக்கு ஜெல்லிஃபின், விளம்பரம் தடுக்கப் பை-ஹோல், இரண்டும் டாக்கரில், அதாவது ஒவ்வொரு நிரலையும் ‘கன்டெய்னர்’ என்ற தனி உறையில் ஓட்டும் மென்பொருளில். கைப்பேசிப் படங்களை இழுத்துவைக்கச் சிங்க்திங், வீட்டுக்குள் கோப்புப் பகிர சாம்பா. கூடவே, இரவு 2:30 மணிக்கு மனைவியின் மடிக்கணினியை ஆர்சிங்க் மூலம் நகலெடுக்க நானே எழுதிய சிறு சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) ஒன்றும், அதை எழுப்பிவிட ஒரு டைமரும்.

திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. எல்லாம் வேறொரு கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாகக் கட்டளை வரியில்தான். கட்டளைகளை இங்கே வாயால் சொல்வதைப் போலவே எழுதுகிறேன். இந்த வேலை செய்கிறவர்களுக்கு எழுத்து தானாகத் தெரியும்.

பெட்டிக்குள் நுழைந்து முதலில் ‘டாக்கர் பி.எஸ்.’ அடித்தேன். கன்டெய்னர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ‘சிஸ்டம்-சிடிஎல்’ கட்டளையிடம் தோற்றுப்போன சர்வீஸ்களைக் கேட்டேன். ஒன்றும் இல்லை. வலைப்பக்கத்தில் பச்சை விளக்குக் காட்டும் நிர்வாகப் பலகை எதையாவது நம்பியிருந்தால் அன்றைக்கு எல்லா விளக்கும் பச்சையாகவே இருந்திருக்கும். ஜெல்லிஃபின் பதிவின் கடைசி ஐம்பது வரிகளைப் பார்த்தபோதுதான் விஷயம் கிடைத்தது: சாதனத்தில் இடம் இல்லை.

சரி, தட்டு நிரம்பிவிட்டது என்று, காலி இடம் காட்டும் ‘டி.எஃப்.’ அடித்தேன். நிரம்பவில்லை. 6.5 ஜி.பி. காலியாக இருந்தது.

இங்கே ஒரு நிமிடம் குழம்பியது உண்மை. பிறகு புரிந்தது. எங்கள் பழைய தொலைக்காட்சிக்கு 4கே வீடியோ ஓடாது. ஜெல்லிஃபின் அதை அந்தத் தொலைக்காட்சிக்குத் தகுந்தபடி மாற்றி, மாற்றிய துண்டுகளை எஸ்.எஸ்.டி.யில் எழுதிக்கொண்டே போகும். மாற்றும் வேலை படத்தை முந்திக்கொண்டு ஓடும். படத்தை நிறுத்தினால் துண்டுகளைத் தானே அழித்துவிடும். ஆகவே நான் பார்க்கும் நேரத்தில் தடயம் இல்லை. மறுபடி படத்தைப் போடச் சொல்லிவிட்டு, ‘வாட்ச்’ கட்டளையில் டி.எஃப்.பை இரண்டு நொடிக்கு ஒரு முறை ஓடவிட்டேன். கண்முன்னே இறங்கியது. 6.5, 6.1, 5.4. இருபது நிமிடத்தில் பூஜ்யம். நொடிக்குப் பத்து மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் 6.5 ஜி.பி.க்குள் அடங்குவது ஒன்றரை மணி நேரக் கல்யாணம்தான். தாலிக்கு இடம் போதவில்லை.

நோய் அது இல்லை. நோய், காலி இடம் வெறும் 6.5 ஆக இருந்தது. இந்தப் பெட்டியில் லினக்ஸ் இருக்கும் மூல எஸ்.எஸ்.டி. எப்போதும் 22 சதவீதத்தில் நிற்கும், எனக்கு மனப்பாடம். இப்போது 94. மொத்தம் 110 ஜி.பி., பயன்பட்டது 98, மிச்சம் 6.5. கூட்டிப் பார்த்தால் ஐந்தரை உதைக்கும். அது ஈ.எக்ஸ்.டி.4 கோப்பு முறை, ரூட் என்ற தலைமைப் பயனருக்கென்று வழக்கமாக ஒதுக்கிவைக்கும் ஐந்து சதவீதம், வீட்டில் அரிசிப் பானையின் அடியில் ஒரு படி வைப்பதைப் போல. அது கணக்குத்தான், மர்மம் இல்லை.

மர்மம் அடுத்த கட்டளையில் வந்தது. எந்த அடைவு (கோப்புறை) பெருத்திருக்கிறது என்று ‘டி.யு.’ ஓட்டினேன். வேறு தட்டுகளுக்குள் போகாமல் இந்த எஸ்.எஸ்.டி.யை மட்டும் எண்ணச் சொல்லும் ‘எக்ஸ்’ தெரிவோடு. எண்ணி முடித்துச் சொன்னது: 23 ஜி.பி.

டி.எஃப். 98 என்கிறது, டி.யு. 23 என்கிறது. இடையில் 75 ஜி.பி. எங்கே?

இரண்டும் பொய் சொல்லவில்லை, இரண்டும் வேறு வேறு ஆளிடம் கேட்கின்றன. டி.எஃப். கோப்பு முறையின் கணக்குப் பிள்ளையிடம் போய் எத்தனை கட்டங்கள் விற்றுப்போயின என்று கேட்கும். டி.யு. தானே ஒவ்வொரு அறையாக நடந்து, கண்ணில் படுவதை எண்ணும். கண்ணில் படாதது அதன் கணக்கில் வராது.

கண்ணில் படாமல் இடம் தின்பவை சில உண்டு. முதலில் நினைவுக்கு வந்தது, அழித்தும் அழியாத கோப்பு. ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறந்துவைத்திருக்கும்போது நாம் அதை அழித்தால், பெயர் போகும், இடம் போகாது. அந்த நிரல் கையை விடும்வரை கட்டங்கள் பிடிபட்டே இருக்கும். ‘எல்.எஸ்.ஓ.எஃப்.’ கட்டளையிடம் இணைப்பு எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே போன கோப்புகளைக் கேட்டால் பட்டியல் வரும். வந்தது. எல்லாம் சேர்ந்து சில மெகாபைட்.

டாக்கரின் பதிவுக் கோப்புகள் மேல் எனக்கு நெடுநாள் சந்தேகம். டாக்கர் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜேசன் பதிவு முறைக்கு நாம் வரம்பு சொல்லாவிட்டால் வரம்பே கிடையாது, வளர்ந்துகொண்டே போகும். போய்ப் பார்த்தேன். என் பெட்டியில் சிறியவை. அவை பெரிதாக இருந்திருந்தாலும் டி.யு. எண்ணியிருக்கும் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்-டியின் பதிவேடான ஜர்னலும் ஒரு ஜி.பி.க்குக் கீழே. ஐனோடு (கோப்புக்கு ஒன்றாகத் தரும் பதிவு எண்) தீர்ந்திருக்குமோ என்று பார்த்ததும் வீண். மணி பன்னிரண்டு. விரல் ‘டாக்கர் சிஸ்டம் ப்ரூன்’ வரை போய்விட்டது. நிறுத்திவைத்த கன்டெய்னர்களையும் அவற்றின் அச்சுகளான பெயரில்லாத இமேஜ்களையும் கூட்டித் தள்ளும் கட்டளை. என்ன நடக்கிறது என்று தெரியாத நேரத்தில் அதை அடிப்பது, திருட்டுப்போன வீட்டைப் போலீஸ் வருமுன் பெருக்கிவைப்பது மாதிரி. கையை எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலை நினைவுக்கு வந்தது.

அன்று காலை அப்பா கேட்டது: “பாட்டு எதுவும் பாடவில்லையே, ஏனப்பா?” பழைய ஒலிநாடாக்களிலிருந்து நாங்கள் மாற்றிவைத்த நாகஸ்வரப் பதிவுகள் அவை. முந்தின நாள் இரவு ஐப்பசி மழை, இடி, மின்வெட்டு. பரணில் ஏறிப் பார்த்தால் வன்தட்டின் பிளக் அணைந்திருந்தது. போட்டேன், ‘மவுண்ட் ஏ’ என்று அடித்தேன், தட்டு வந்து அமர்ந்தது. ஆனாலும் பாட்டு வரவில்லை. தட்டு இல்லாத நேரத்தில் எழுந்த கன்டெய்னர், தான் எழும்போது பார்த்த வெறும் அடைவையே பிடித்துக்கொண்டிருக்கும். பின்னால் வெளியே பொருத்திய தட்டு டாக்கரின் வழக்கமான அமைப்பில் அதற்குள் தெரியாது. ஜெல்லிஃபினை ஒரு முறை நிறுத்தி எழுப்பினேன். நாகஸ்வரம் கேட்டது. இரண்டு நிமிட வேலை என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டு இறங்கினேன்.

அந்த இரண்டு நிமிடத்தில் நான் செய்தது, சான்றின் மேல் தட்டைத் தூக்கி வைத்தது.

லினக்ஸில் ஒரு தட்டைப் பொருத்த ஓர் அடைவு வேண்டும். அந்த அடைவு எஸ்.எஸ்.டி.யில் உள்ள சாதாரண அடைவுதான். தட்டைப் பொருத்தியதும் அடைவுக்குள் முன்பே இருந்தவை மறைந்துபோகும். கோலத்தின் மேல் மனைப்பலகை போட்டால் கோலம் அழிவதில்லை, தெரிவதில்லை. பலகையை எடுத்தால் அப்படியே இருக்கும். என் அடைவின் பெயர் ‘தட்டு’, தமிழ் எழுத்திலேயே. லினக்ஸ் அதற்கு முகம் சுளிக்காது. சிஸ்டம்-டி மட்டும் தன் யூனிட் பெயரில் அதைச் சங்கேதமாக்கி எழுதும். ‘தட்டு’ என்ற பெயர் யு.டி.எஃப்.-8 எழுத்துக் குறிமுறையில் 15 பைட், பைட்டுக்கு நான்கு எழுத்து வீதம் அறுபது எழுத்துக் கொடி. பட்டியலில் அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பெயர் வைத்திருக்கலாமோ என்று தோன்றும், வைக்கவில்லை.

மனையை எடுக்காமலே கோலத்தைப் பார்க்க வழி உண்டு. ‘அடி’ என்று ஒரு வெற்று அடைவு உண்டாக்கினேன். ‘மவுண்ட் பைண்டு’ மூலம் மூலக் கோப்பு முறையை அதில் இன்னொரு முறை காட்டச் சொன்னேன். இந்த முறை மூல எஸ்.எஸ்.டி.யை மட்டும் கொண்டுவரும், அதன் மேல் ஏறியுள்ள மற்ற தட்டுகளைக் கொண்டுவராது. ஆகவே ‘அடி’க்குள் இருக்கும் ‘தட்டு’, வன்தட்டு இல்லாத வெறும் அடைவு. அதன் அளவைக் கேட்டேன்.

75 ஜி.பி.

உள்ளே மனைவியின் மடிக்கணினி இருந்தது. அதாவது அதன் பாதி: பையனின் முதல் பிறந்தநாள், ஏதோ ஒரு கொடைக்கானல், நூற்றுக்கணக்கான சேலைப் படங்கள்.

நடந்ததைக் கோக்க ஜர்னலிடம் போனேன். ‘ஜர்னல்-சிடிஎல்’ ஒவ்வொரு முறை பெட்டி எழுந்ததையும் தனித்தனியாக வைத்திருக்கும். பட்டியல் கேட்டால் சனி இரவு 11:05க்கு ஒரு எழுச்சி, ஞாயிறு அதிகாலையில் இன்னொன்று. முதல் எழுச்சியின் பதிவில் 11:07 அளவில் ஒரு வரி: வன்தட்டின் சாதனத்துக்காகக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது. சிஸ்டம்-டி வழக்கமாகத் தொண்ணூறு நொடி பார்க்கும். பிளக் அணைந்திருந்ததால் வன்தட்டு வரவேயில்லை. எந்தத் தட்டை எங்கே பொருத்துவது என்று சொல்லும் எஃப்.எஸ்.டேப் கோப்பில் நான் ‘நோஃபெயில்’ என்று எழுதிவைத்திருந்தேன், தட்டு வராவிட்டாலும் பெட்டி எழட்டும் என்று. அதில் தவறில்லை. அது இல்லாவிட்டால் திரையில்லாத இந்தப் பெட்டி அவசர நிலையில் போய் நின்றுவிடும், நான் பரணுக்குத் திரையும் விசைப்பலகையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஆனால் ‘தட்டு இல்லாவிட்டாலும் எழு’ என்று சொன்னவன், ‘தட்டு இல்லாவிட்டால் எழுதாதே’ என்று யாருக்கும் சொல்லவில்லை.

2:30க்கு ஆர்சிங்க் எழுந்தது. சேரும் இடம் காலியாக இருந்தது. காலி என்றால் அதற்கு ஒரே அர்த்தம்: எல்லாவற்றையும் முதலிலிருந்து நகலெடு. வைஃபையில் நொடிக்கு 20 மெகாபைட் அளவில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் எஸ்.எஸ்.டி.யில் கொட்டிக்கொண்டே இருந்தது. 3:37க்கு மறுபடி மின்சாரம் போனதால் நின்றது. அந்த இரண்டாவது மின்வெட்டு இல்லையென்றால் எஸ்.எஸ்.டி. அன்றிரவே நிரம்பி, நான் காலையிலேயே கண்டுபிடித்திருப்பேன். சர்வீஸ் தோற்றதாகவும் எங்கும் பதிவாகவில்லை. தொடங்கியதற்கு வரி இருக்கிறது, முடிந்ததற்கு இல்லை. தோற்றவற்றின் பட்டியல் பெட்டி எழும்போதெல்லாம் வெறுமையாகத் தொடங்கும், அதனால்தான் நான் கேட்டபோது யாரும் தோற்கவில்லை. ஞாயிறு காலை தட்டு வந்த பிறகு, திங்கள், செவ்வாய் நகல்கள் சரியான இடத்தில் சரியாக நடந்தன.

சிங்க்திங் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அதுவும் அதே தட்டில்தான் எழுதுகிறது. ஆனால் தான் கையாளும் ஒவ்வொரு கோப்புறையிலும் புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஓர் அடையாளத்தை வைத்திருக்கும். அந்த அடையாளம் காணவில்லை என்றால் ஏதோ சரியில்லை என்று கையைக் கட்டிக்கொள்ளும். அன்றிரவு இரண்டு எழுச்சியிலும் அது அப்படிப் பதிவில் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தது. கோப்புச் சேமிப்புக்கான நெக்ஸ்ட்கிளவுடும் தன் தரவு அடைவில் இப்படி ஓர் அடையாளக் கோப்பைத் தேடும். இவற்றை எழுதியவர்கள் ஏற்கெனவே பட்டவர்கள். என் ஐந்து வரி சர்வீஸை எழுதியவன் இப்போதுதான் படுகிறான்.

இன்னொரு கேள்வி பாக்கி. நகல் சர்வீஸ் ரூட்டாக ஓடவில்லை, சாதாரணப் பயனராக ஓடுகிறது. வெறும் ‘தட்டு’ அடைவில் அதற்கு எழுதும் உரிமை எப்படி வந்தது? பார்த்தால், அடைவின் உரிமையாளர் அந்தப் பயனரேதான். பெட்டியை அமைத்த நாளில் தட்டைப் பொருத்துவதற்கு முன்பே அவசரத்தில், உரிமையை மாற்றும் ‘சோன்’ அடித்திருக்கிறேன். தட்டின் உரிமை மாறவில்லை, தரையின் உரிமை மாறியது. பிறகு தட்டைப் பொருத்தி மறுபடி அடித்திருப்பேன், வேலை செய்ததும் மறந்திருப்பேன். மழையும் பிளக்கும் சந்தர்ப்பங்கள். வேர் அந்த ஒரு வரி.

அழிக்கும் வேலையை மறுநாள் பகலுக்கு ஒத்திவைத்தேன். காரணம், இப்போது ஒரே பெயரில் இரண்டு அடைவுகள். ஒன்றில் தேவையில்லாத நகல், மற்றதில் குடும்பத்தின் ஐந்து வருடம். பாதையில் ‘அடி’ என்ற சொல்லை விட்டுவிட்டால் எதை அழிக்கிறேன் என்பது மாறிவிடும். ஆர்சிங்கை ஒத்திகைத் தெரிவோடு ஓட்டி, கீழே இருப்பதெல்லாம் மேலே தட்டிலும் இருக்கிறதா என்று அளவையும் தேதியையும் ஒப்பிட்டேன். வித்தியாசம் ஒன்றே ஒன்று: புள்ளியில் தொடங்கி, வாலில் புரியாத ஆறு எழுத்தோடு ஒரு கோப்பு. 3:37க்கு மின்சாரம் போனபோது ஆர்சிங்க் பாதி எழுதியிருந்த தற்காலிகக் கோப்பு அது.

பிறகு ஜெல்லிஃபின், சாம்பா, சிங்க்திங் மூன்றையும் நிறுத்தினேன். ‘அடி’யைக் கழற்றினேன். தட்டைக் கழற்றினேன். அதோடு விடாமல் பரணில் ஏறி யு.எஸ்.பி. கேபிளையும் கையால் உருவிக் கீழே கொண்டுவந்து மேசை மேல் வைத்தேன். அழிக்கும் ஆர்.எம். கட்டளையிடம் பேசும்போது எனக்குக் கேபிள் கண்ணெதிரே இருக்க வேண்டும். கீழே இருந்ததை அழித்தேன். சில நொடிகளில் டி.எஃப். 22 சதவீதத்துக்கு வந்தது.

கேபிள் வெளியே இருக்கும்போதே தரையைப் பூட்டினேன். வெறும் அடைவின் உரிமையை ரூட்டுக்குத் திருப்பிவிட்டு, ‘சி.எச்.ஆட்டர்’ கட்டளையால் மாற்றமுடியாத குறியை அதற்கு இட்டேன். அந்தக் குறி இருக்கும்வரை ரூட்டே முயன்றாலும் அதற்குள் ஒரு கோப்பை உண்டாக்க முடியாது. ஆனால் அதன் மேல் தட்டைப் பொருத்தத் தடையில்லை. பொருத்திய பின் எழுதுவது தட்டில் போகும். இந்த ஒரு குறி அன்றே இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

நகல் சர்வீஸில் இரண்டு வரி சேர்த்தேன். ‘ரிக்வயர்ஸ்-மவுண்ட்ஸ்-ஃபார்’ என்று பாதையைச் சொன்னால், தட்டு பொருத்தப்படாமல் சர்வீஸ் தொடங்காது. பாதையைத் தமிழிலேயே கொடுக்கலாம், அறுபது எழுத்துக் கொடி வேண்டாம். அதற்கும் மேலே, முதல் வேலையாக ‘மவுண்ட்பாயிண்ட்’ கட்டளை ஓடி, அது உண்மையிலேயே தட்டுதானா என்று பார்க்கும். நிபந்தனையாக எழுதும் ‘கண்டிஷன்’ வகை வரிகளும் உண்டு. அவை நிறைவேறாவிட்டால் சிஸ்டம்-டி சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். நகல் எடுக்காததை எனக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஆகவே அதை எடுக்கவில்லை. ‘ஆன்-ஃபெய்லியர்’ வரியில் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் இன்னொரு சிறு சர்வீஸைக் கட்டினேன்.

டாக்கர் முழுவதையும் தட்டோடு கட்டிவிடு என்று ஒரு நண்பர் சொன்னார். செய்யவில்லை. தட்டு வராத நாளில் டாக்கர் எழாது, டாக்கர் எழாவிட்டால் பை-ஹோல் இல்லை, பை-ஹோல் இல்லாவிட்டால், இணைய முகவரிகளைத் தேடித் தருவதும் அதுதான் என்பதால், வீட்டில் யாருக்கும் இணையம் இல்லை. பாட்டு இல்லாத காலைக்கு அப்பா மட்டும்தான் கேட்பார். ஜெல்லிஃபினை எப்படி ஓட்டுவது என்று டாக்கருக்குச் சொல்லும் கம்போஸ் கோப்பில் மட்டும், இல்லாத அடைவை டாக்கர் தானாக உண்டாக்குவதை நிறுத்தினேன்.

இதைவிடப் பெரிய விபத்து ஒன்று அருகிலேயே நின்றிருந்ததைப் பின்னால்தான் உணர்ந்தேன். என் ஆர்சிங்கில் ‘டெலீட்’ தெரிவு இருக்கிறது: மூலத்தில் இல்லாததைச் சேரும் இடத்திலும் அழி. என் விஷயத்தில் வெறுமையாக இருந்தது சேரும் இடம். தட்டு மூலமாகவும் வேறொரு கணினி சேரும் இடமாகவும் இருந்திருந்தால், ஆர்சிங்க் வெறும் அடைவைப் பார்த்து எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டது போலும் என்று எண்ணி, அங்கே ஒன்றுவிடாமல் அழித்திருக்கும். படிக்கும்போது பிழை நேர்ந்தால் அழிப்பதை நிறுத்திக்கொள்ளும் எச்சரிக்கை அதற்கு உண்டு. வெற்று அடைவு பிழை இல்லையே.

புதன் மாலை சோதித்தேன். பிளக்கை அணைத்து, பெட்டியை மறுபடி எழுப்பி, நகல் சர்வீஸைக் கையால் தொடங்கச் சொன்னேன். தொண்ணூறு நொடி மௌனம். பிறகு மறுத்தது. கைப்பேசி ஒலித்தது. ரூட்டாக ‘தட்டு’க்குள் ஒரு வெற்றுக் கோப்பு உண்டாக்கப் பார்த்தேன். அனுமதி இல்லை. இரண்டு முறை அடித்துப் பார்த்தேன், இரண்டு முறையும் அதே பதில்.

அம்மாவிடம் பிளக்கைப் பற்றிக் கேட்டேன். “நான்தான் அணைத்தேன். இடி அப்படி இடிக்கிறது, போட்டபடியே விடுவார்களா?” நியாயம்தான். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தால் இந்த வீட்டில் பல சாமான்கள் பிழைத்திருக்கின்றன. அணைக்காதீர்கள் என்று சொல்லவில்லை.

கார்த்திகையில் இன்னொரு மழை இரவு. 2:31க்குத் தலைமாட்டில் கைப்பேசி ஒலித்தது: தட்டு இல்லை, நகல் எடுக்கவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். காலையில் பரணில் ஏறுவதற்குள் அம்மாவே பிளக்கைப் போட்டிருந்தார்.